ஓர் அட்டையில் மூன்று பேர்

டொக்டர் உள்ளே இருந்தார். நான் வாசலில் நின்று, இல்லை என்று சொன்னேன். காலில் புண்ணோடு வந்த ஒரு முதியவரை அந்த ஒரு சொல்லால் திருப்பி அனுப்பினேன். பிறகு அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமற் போயிற்று. இதைச் சுற்றி வளைத்துச் சொல்லும் வயதை நான் தாண்டிவிட்டேன்.

எழுத நினைப்பது அன்று அவரைக் கூட்டி வந்த பெண்ணைப் பற்றி. இப்போது அவர் வவுனியாவில் இல்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அவருடைய தகரக் கொட்டில் நின்ற காணியில் கைத்தொலைபேசிக் கடைகள் வந்துவிட்டன. காணிக்காரன் எழும்பச் சொன்னதும் அவரும் அவரோடு வாழ்ந்த இருவரும் பளைக்குப் போய்விட்டார்கள். பெயரை எழுதப் போவதில்லை. அனுமதி கேட்டால் "என்னத்துக்கு?" என்பார். அவருடைய அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி வென்ற ஒருவரை நான் இன்னும் காணவில்லை.

பலகையில் சைக்கிள் பாதுகாப்பு நிலையம் என்று எழுதியிருந்தது. ஊருக்கு அது சைக்கிள் பாக். விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களிலிருந்து மிதித்து வருகிற ஆசிரியர்களும் கந்தோர்க்காரரும் அங்கே சைக்கிளை விட்டு, இலக்கத் துண்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்கள். பெற்றோல் இல்லாமற் போன மாதங்களில் கொட்டில் கொள்ளாமல் தெருவோரம்வரை சைக்கிள்கள் நின்றன. அவர் சேலைக்கு மேலே ஆண்களின் நீளக்கைச் சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, உடைந்த காலைக் கம்பியால் கட்டிய பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பார். கையில் துணி போன ஒரு குடைக்கம்பு. எந்தச் சைக்கிள் எந்த வரிசைக்குப் போக வேண்டும் என்பதை இருந்த இடத்திலிருந்தே அந்தக் கம்பால் காட்டுவார். யாரும் அதை மீறி நிறுத்தி நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு விநோதமான பிடிவாதம் இருந்தது. எங்கள் ஊரில் தெருவில் போகிறவர் எல்லாம் அண்ணை, அக்கா, தம்பி, தங்கச்சி. முன்பின் தெரியாத கிழவர் உடனே அப்பு ஆகிவிடுவார். அவர் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை. தன்னை யாரும் முறை சொல்லிக் கூப்பிட்டாலும் விடுவதில்லை. ஆட்களைச் சைக்கிளை வைத்தே கூப்பிடுவார்: பச்சைக் கூடை, மணி இல்லாதது, புதுச் சீற். ஒரு நாள் இளம் ஆசிரியர் ஒருவர், "அக்கா, சில்லறை இல்லை, நாளைக்குத் தாறன்" என்றார். "அக்கா எண்டு சொன்னாக் காசு குறையுமோ? அப்ப நான் அக்கா இல்லை" என்று பதில் வந்தது. தேர்தல் நேரத்தில், கூட்டத்துக்கு வந்த ஒரு கட்சிக்காரர் தன் ஆட்களின் மோட்டார் சைக்கிள்களைச் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்று "அம்மா, அம்மா" என்று குழைந்தார். அவர் கட்சிக்காரரின் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்துவிட்டு, "உம்மைப் பெத்த ஞாபகம் எனக்கு இல்லை" என்றார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தோம். மோட்டார் சைக்கிள்கள் காசு கொடுத்துத்தான் உள்ளே போயின.

நானும் அங்கேதான் சைக்கிள் விடுவேன். முதல் நாள் வழக்கம்போல "தங்கச்சி" என்றேன். "நான் உங்கட தங்கச்சி இல்லை, சேர். துண்டைக் கவனமா வையுங்கோ" என்றார். சேர் என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார், அது உத்தியோகமாம், முறை இல்லையாம்.

நெளுக்குளத்தில் ஒரு வாடகை வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள். அவர், அவர் வயதுடைய இன்னொரு பெண், பெரியவர் ஒருவர். யுத்தம் முடிந்த காலத்தில் முகாமில் மூவரையும் ஒரே கூடாரத்துக்குள் விட்டிருக்கிறார்கள். அவர் பளை, பெரியவர் துணுக்காய், மற்றப் பெண் ஒட்டுசுட்டான். மூவருக்கும் வேறு ஒருவரும் மிஞ்சவில்லை. சாப்பாட்டுச் சாமான் கூடாரக் கணக்கில்தான் கொடுபட்டதாம். அப்படித் தொடங்கிய ஒரு பானைச் சோறு. மீளக் குடியேறலாம் என்று விட்ட நாளில் மூவரும் மூன்று பஸ்ஸில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. வீட்டுக்குள்ளும் முறை கிடையாது. ஊர்ப்பெயர்தான். "பளை, சோறு வடிச்சாச்சோ?" என்று மற்றப் பெண் கேட்பதையும், "ஒட்டுசுட்டானுக்கு இண்டைக்குத் தலையிடி" என்று அவர் சொல்வதையும் நானே கேட்டிருக்கிறேன். பெரியவர் மட்டும் பெரியவர்.

இனி டொக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அரச சேவையில் நெடுங்காலம் இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி, குருமன்காட்டில் தன் வீட்டின் முன்பாதியை மருந்தகமாக மாற்றியிருந்தார். எங்கள் நகரத்தில் காசு உள்ளவர்கள் வருத்தம் வந்தால் ஸ்பெசலிஸ்ற்றைச் சனல் பண்ணுவார்கள், அதாவது காசு கட்டித் தனியாக நேரம் எடுப்பார்கள், இல்லாதவர்கள் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நிற்பார்கள். இரண்டிலும் சனம் வருத்தம் முற்றிய பிறகுதான் வருகிறது என்பது டொக்டரின் கவலை. ஒவ்வொரு தடவையும் காசு கொடுப்பதென்றால் நாளைக்குப் பார்ப்போம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அதனால் குடும்பத்துக்கு மாதம் ஒரு சந்தா வைத்தார். சந்தா கட்டிய குடும்பத்தில் யாரும் எத்தனை தரமும் வரலாம், தொலைபேசியில் கேட்கலாம், பார்க்கிறதற்குத் தனிக் காசு இல்லை. ஊர் அதைச் சந்தா டிஸ்பென்சரி என்றது.

நான் கல்வித் திணைக்களத்தில் நிர்வாகப் பக்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்புவதில் பெயர் எடுத்தவன். சந்தா வேலையைப் பார்க்க முடியுமா என்று டொக்டர் கேட்டபோது மறுநாளே போய்க் கதிரையில் இருந்துவிட்டேன். சம்பளம் வாங்கவில்லை. இதைச் சொல்வது பெருமைக்கு அல்ல. சம்பளம் வாங்காத உத்தியோகத்தனின் அகந்தை சம்பளம் வாங்குகிறவனுக்கு வராது.

சைக்கிள் பாக் நடத்திய அவர், சந்தாவில் சேருவதற்கு முன் பல தரம் வந்து விசாரித்தார். நகரத்தில் எந்த எந்த டிஸ்பென்சரி எந்த நேரம் திறக்கும் என்று எல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். பெரியவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. பெரியாஸ்பத்திரிக் கிளினிக் காலையில். இலக்கம் எடுக்க இருட்டோடு போக வேண்டும். சைக்கிள் பாக்கின் பிழைப்பும் அந்த நேரத்தில்தான். ஒட்டுசுட்டான்காரி கடைகளுக்கு இடியப்பம் அவிப்பதும் அந்த நேரத்தில்தான். கண் மங்கிய பெரியவரைத் தனியே அனுப்ப முடியாது. பின்னேரத்தில் பார்க்கிற, அடிக்கடி போகக்கூடிய ஓர் இடம் தேவைப்பட்டது.

டொக்டரிடம் நேராகக் கேட்டார்: "எங்களுக்கு ஒரு வருத்தமும் வராட்டிச் சந்தாவைத் திருப்பித் தருவியளோ?"

"இல்லை."

"அப்ப எங்களுக்கு வருத்தம் வராமப் பாக்கிறது உங்களுக்கு லாபம்."

டொக்டர் சிரித்துவிட்டார். தன் திட்டத்தை இவ்வளவு சுருக்கமாகத் தன்னாலேயே சொல்ல முடிந்ததில்லை என்று பிறகு என்னிடம் சொன்னார்.

ஓர் அட்டையில் மூன்று பேரையும் எழுதிச் சேர்த்தோம். டொக்டர் முதல் நாளே பெரியவரின் கால்களைத் தூக்கி வைத்து விரல் விரலாகப் பார்த்தார். சீனிக்காரருக்குக் காலில் உணர்ச்சி குறையும், முள்ளுக் குத்தினாலும் தெரியாது, ஒவ்வோர் இரவும் யாராவது பார்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து வீட்டில் அவர் ஒவ்வோர் இரவும் ரோச் லைற் பிடித்துப் பெரியவரின் உள்ளங்காலைப் பார்த்தார். பெரியவருக்கு வெட்கம். "இவ பொலிஸ்காரி மாதிரி" என்று எங்களிடம் முறையிட்டார்.

நல்லபடி போன விடயம். கெடுத்தது நான். ஓர் இரும்புக்கடை முதலாளி தன் கடையில் வேலை செய்த எல்லோரையும் பிள்ளைகள் என்று எழுதி ஒரே சந்தாவில் சேர்த்துவிட்டார் என்பது தெரியவந்தது. எனக்குக் கோபம். விதி எழுதினேன்: குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், தங்கி வாழும் பெற்றோர். அத்தாட்சி கொண்டுவர வேண்டும். டொக்டர் அதை மேலோட்டமாகப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்தானே சேர்" என்று விட்டுவிட்டார். நோயாளிகள் காத்திருந்தார்கள்.

அவர் கிராம சேவகரிடமிருந்து கடிதம் கொண்டுவந்தார். மூவரும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள் என்று அதில் இருந்தது. முறை என்ன என்று இல்லை.

"பெரியவர் உங்களுக்கு என்ன முறை?" என்று கேட்டேன்.

"எங்கட வீட்டு ஆள்."

"அது முறை இல்லை. தகப்பனோ, மாமனோ, சிறிய தகப்பனோ?"

"ஒண்டும் இல்லை. முகாமுக்கு முதல் ஆளை ஆள் கண்டதில்லை."

எனக்கு அப்போது இரக்கம் வந்தது. அல்லது இரக்கம் என்று நான் நினைத்துக்கொண்ட ஒன்று வந்தது. குரலைத் தாழ்த்தி, "தகப்பன் எண்டு எழுதித் தாங்கோ. நான் மேல ஒண்டும் கேக்கமாட்டன்" என்றேன்.

அவர் குடைக்கம்பை மேசையில் சாய்த்து வைத்தார். "எனக்கு அப்பா எண்டு ஒராள் இருந்தவர், சேர். அவரை எந்த இடத்தில விட்டிட்டு வந்தனான் எண்டு எனக்குத் தெரியும். அவற்ர இடத்தில இன்னொராளை இருத்தச் சொல்லுறியளோ?"

"அப்ப பெரியவரைத் தனி ஆளாச் சேருங்கோ. தனிச் சந்தா இருக்கு."

"அவர் தனி ஆள் இல்லை. அப்பிடி எழுதினா அதுவும் பொய்."

அந்த இரண்டு பொய்களில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் மகிழ்ச்சியோடு முத்திரை குத்தியிருப்பேன். அவர் சொன்ன உண்மைக்குத்தான் என் விதியில் இடம் இருக்கவில்லை. அட்டையில் பெரியவரையும் ஒட்டுசுட்டான்காரியையும் சிவப்புப் பேனையால் வெட்டினேன். டொக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் விட்டுவிடச் சொல்வார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த மாதம் அவர் வந்தார். குடும்பச் சந்தாவை முழுதாக மேசையில் வைத்தார். இப்போது நீங்கள் ஒராள்தான், இவ்வளவு வேண்டாம் என்றேன். "நான் மூண்டு பேருக்குத்தான் கட்டுறன். நீங்கள் ஒராள் எண்டு எழுதினா அது உங்கட பிழை" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த மாதமும் அப்படியே. நான் அந்தப் பணத்தை வாங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அந்தப் பின்னேரம் மழை தூறிக்கொண்டிருந்தது. நோயாளிகள் முடிந்து, டொக்டர் உள்ளறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். படலையில் ஓட்டோ ஒன்று நின்றது. அவர் பெரியவரைக் கைபிடித்து இறக்கிக்கொண்டு வந்தார். பெரியவரின் இடது பெருவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. செருப்பு வார் உரசிய சின்னப் புண், டொக்டரிடம் ஒரு தரம் காட்டிவிட்டுப் போகிறோம் என்றார்.

டொக்டர் கண்டால் பார்ப்பார். ஒரு தரம் பார்த்துவிட்டால் என் விதி போய்விடும். என் மனதில் அப்போது ஓடியது இவ்வளவுதான்.

"டொக்டர் வெளியில போயிட்டா" என்றேன்.

"எப்ப வருவா?"

"சொல்லத் தெரியாது."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கீழே பார்த்தார். பெரியவரின் கையைப் பிடித்துத் திரும்பினார். படலைக்குப் போய்ச் சேர அவர்களுக்கு நெடுநேரம் எடுத்தது. பெரியவரின் கால்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டு நான் மேசையைத் துடைத்தேன்.

பிறகு நடந்ததை எனக்கு ஒட்டுசுட்டான்காரி சொன்னார். மறுநாளிலிருந்து அவர் சைக்கிள் பாக்கைக் காலையில் பூட்டிவிட்டுப் பெரியவரைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் மருந்து கட்டுவித்தார். பூட்டிய கதவைக் கண்ட வாடிக்கையாளர்கள் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்ப்பக்கத்தில் திறந்த வேறோர் இடத்துக்குப் போகத் தொடங்கினார்கள். பெரியவர் இதை அறிந்துகொண்டார். புண் ஆறிவிட்டது என்றார். இரவில் ரோச் லைற்றோடு வந்தவரிடம் காலைக் காட்டாமல், பொலிஸ்காரி வேலையை விடு என்று சத்தம் போட்டுப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். காய்ச்சல் வந்து நினைவு தடுமாறிய நாளில்தான் போர்வையை விலக்கிப் பார்த்தார்கள். உயிரைக் காப்பாற்றக் காலை எடுக்க வேண்டியிருந்தது.

அந்தப் பின்னேரத்துக்குப் பிறகு சைக்கிள் பாக் பக்கம் போகாததால் எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த மாதங்களில் சந்தாப் பணத்தை ஒட்டுசுட்டான்காரிதான் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் சைக்கிள் விடப் போனேன். கம்பியால் கட்டிய கதிரைக்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை. அதில் பெரியவர் இருந்து இலக்கத் துண்டு கொடுத்துக்கொண்டிருந்தார். கதிரையில் இரண்டு ஊன்றுகோல்கள் சாய்ந்திருந்தன. சாரத்தின் ஒரு பக்கம் வெறுமையாகத் தொங்கியது. எனக்கும் ஒரு துண்டு தந்தார். வாங்கிக்கொண்டேன். பஸ் ஏறவில்லை. நேரே டொக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

டொக்டர் என்னைத் திட்டவில்லை. விதி எழுதிய தாளை எடுத்துவரச் சொல்லி முதல் தடவையாக முழுவதையும் வாசித்தார். அன்று பின்னேரம் பையை எடுத்துக்கொண்டு தனியே அவர்கள் வீட்டுக்குப் போனார். அடுத்த நாள் என்னிடம், "நான் அவையளுக்கு ஒண்டும் சொல்லேல்லை. அது நீங்கள் சொல்ல வேண்டியது" என்றார்.

பல நாள் போகாமல் இருந்தேன். கடைசியில், காலை நெரிசல் குறைந்த ஒரு நேரத்தில் போய் அவர் முன்னால் நின்று சொன்னேன்: "அண்டைக்கு டொக்டர் உள்ளதான் இருந்தவா."

"தெரியும்" என்றார். "அவவின்ர செருப்பு படியில கிடந்தது."

தெரிந்தும் ஏன் உள்ளே போகவில்லை, ஏன் தொலைபேசியில் கூப்பிடவில்லை என்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

"நான் சந்தா கட்டின ஆள், சேர். முன்வாசலால வரவேண்டிய ஆள். வாசல்ல இருக்கிறவர் இல்லை எண்டு சொன்னாப் பிறகு, களவா ஏன் கதைப்பான்?" என்றார். பிறகு, "நீங்கள் படிச்ச மனுசன். ஒருக்கா யோசிச்சுப்போட்டுத் திருப்பிக் கூப்பிடுவியள் எண்டு படலைமட்டும் மெதுவாத்தான் நடந்தனான்" என்றார்.

அவரைப் பற்றி ஊரில் வேறு கதையும் உண்டு. ஒரு முறைப் பெயரைச் சும்மா எழுதிக் கொடுத்திருக்கலாம், பிடிவாதத்தால் கிழவனின் காலைத் தின்றுவிட்டார் என்று சொல்வார்கள். என் காதுபடவும் சொன்னார்கள். எனக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்திருக்கலாம். அந்தக் கதை தனக்கும் எட்டியது என்று அவர் அன்றைக்குச் சொன்னார். "என்ர பங்கு எனக்குத் தெரியும். அதை நான் இரவில பாத்துக்கொள்ளுறன். உங்கட பங்கை நீங்கள் வைச்சிருங்கோ."

மூவருக்கும் ஆயுள்வரை சந்தாவை நானே கட்டுகிறேன் என்று சொல்லித்தான் போயிருந்தேன். சொல்லி முடிக்கவில்லை, குடைக்கம்பு உயர்ந்துவிட்டது. "சும்மா வந்தா விருந்தாளி. நாங்கள் அங்கத்தவர். எங்களுக்கு மட்டும் எண்டு ஒண்டும் செய்ய வேண்டாம். விதியை மாத்துங்கோ. ஏன் மாத்துறியள் எண்டும் எல்லாருக்கும் முன்னால சொல்லுங்கோ."

அங்கத்தவர் கூட்டத்தைக் கூட்டினோம். டொக்டர் வீட்டு முற்றத்தில் கதிரை போட்டோம். நான் எழும்பி, மேலே முதல் வரிகளில் எழுதியதைத்தான் சொன்னேன். பிறகு புது விதியை வாசித்தேன்: ஓர் அடுப்பில் சமைத்துச் சாப்பிட்டு ஒரு வீட்டில் வாழ்கிறவர்கள் ஒரு குடும்பம், முறை கேட்கப்படாது. உடனே இரும்புக்கடை முதலாளி எழும்பினார். அவருக்கு என் மேல் பழைய கோபம். "அப்ப பஸ் ஸ்ராண்டில நிக்கிற ஆக்கள் எல்லாம் நாளைக்கு ஒரு குடும்பம் எண்டு வருவினம். சந்தா ஏறும். ஆர் கட்டுறது?" என்றார். நியாயமான கேள்விதான். நானே முன்பு கேட்ட கேள்வி. பலர் தலையாட்டினார்கள்.

பின்வரிசையில் பெரியவருக்குப் பக்கத்தில் இருந்த அவர் எழும்பவில்லை. இருந்தபடியே சொன்னார்: "வரட்டும். முதல்ல ஒரு மாசம் ஒரு பானையில சோறு திண்டு பாக்கச் சொல்லுங்கோ. ஆர் உப்புக் கூட எண்டது, ஆர் தண்ணி அள்ளேல்லை எண்டது, ஆர் இரவில கத்தி எழும்பினது, எல்லாத்தையும் பொறுத்துக்கொண்டு. சந்தாவுக்காக ஒருத்தரும் அந்தளவு பாடுபடமாட்டினம். பட்டா, அவையள் குடும்பம்தான்."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருடைய மனைவி அவரின் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார். முற்றத்தில் சிரிப்புப் பரவியது. கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளும் அல்ல. போதுமான கைகள். அடுத்த மாதம் சந்தா கொஞ்சம் ஏறத்தான் செய்தது. சிலர் விலகினார்கள். அதிகம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள். விதவைச் சகோதரிகள் என்று நான் நினைத்திருந்த இருவர், தாங்கள் சகோதரிகளே இல்லை என்று வந்து சொன்னார்கள்.

மூவரின் புது அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்து, மூன்று பேரும் இருக்கிறார்கள் என்று கண்டபிறகு சட்டைப்பையில் வைத்தார். மன்னிக்க வேண்டும் என்று கேட்டேன். "என்னட்டக் கேட்டு என்ன செய்யிறது? கால் அவற்ர" என்றார்.

பெரியவரிடம் போனேன். டொக்டர் உள்ளே இருந்ததையும், இல்லை என்று நான் சொன்னதையும் அவருக்கும் சொன்னேன். மங்கிய கண்களால் என்னைப் பார்த்துக்கொண்டே கேட்டார். முடிந்ததும், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ. பின்னால ஆள் சைக்கிள் எடுக்க நிக்கிறார்" என்றார்.

அதன் பிறகு அவர்கள் ஒவ்வொரு மாதமும் சந்தா கட்டினார்கள். அவர் வந்தார், ஒட்டுசுட்டான்காரி வந்தார். பெரியவர் வரவில்லை. அந்த வாசலுக்கு வரமாட்டேன் என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிட்டாராம். டொக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றதற்கும் வேண்டாம் என்றார். பெரியாஸ்பத்திரிக் கிளினிக் போதும் என்றார். பெரியவரை வற்புறுத்தச் சொல்லி நான் அவரிடம் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. "வரமாட்டன் எண்டு சொல்லுற உரிமையும் அந்தச் சந்தாவுக்குள்ளதான்" என்றார்.

அப்படியானால் கிளினிக் நாளில் மறுபடி சைக்கிள் பாக்கைப் பூட்ட வேண்டும். நான் போகிறேன் என்றேன். அவர் பெரியவரைக் கேட்டு, அடுத்த நாள் ஓம் என்றார். கிளினிக் நாளில் இருட்டோடு போய் இலக்கம் எடுத்து வைப்பேன். ஓட்டோக்காரர் பெரியவரைக் கொண்டுவந்து இறக்குவார். சில்லு வண்டியில் இருத்தி வரிசையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்பேன். பெரியவர் என்னோடு கதைப்பதில்லை. நானும் கதை கொடுப்பதில்லை. கொண்டுபோகிற தேநீரில் பாதியைக் கொடுப்பேன். குடிப்பார். போத்தலைத் திருப்பித் தருவார். அவர்கள் பளைக்குப் போகும்வரை இப்படித்தான் நடந்தது.

அவர்கள் போவதற்குக் கொஞ்ச நாளுக்கு முன் கிளினிக்கில் புதிதாக ஒரு தாதி, மிஸ்ஸி, வந்திருந்தார். பெரியவரின் விபரங்களை முதலிலிருந்து எழுதினார். கூட வந்த ஆள் யார் என்று கேட்டார். நான் பெரியவரின் பக்கம் திரும்பினேன்.

"தம்பியோ, ஐயா?" என்று பெரியவரிடம் கேட்டார்.

"இல்லை."

"அப்ப சொந்தமோ?"

"சொந்தமும் இல்லை" என்றார் பெரியவர். மிஸ்ஸி பேனையைப் பிடித்தபடி காத்திருந்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். பெரியவர் அவசரப்படவில்லை. அந்த வீட்டில் யாரும் இந்த விடயத்தில் அவசரப்பட்டதில்லை.

"தெரிஞ்ச ஆள்" என்றார்.

மிஸ்ஸி அதை எழுதிக்கொண்டார். உள்ளே எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். நான் வண்டியைத் தள்ளினேன்.